மொட்டை டயரும் மழை மேகமும்

சாலையில் ஓட்டினால் போலீஸ்காரர் நிறுத்தி அபராதம் போடக்கூடிய டயர்தான் பந்தயத் தளத்தில் கோப்பை வாங்கித் தருகிறது. நம் ஊர் மெக்கானிக்குகள் ‘பட்டன் போச்சு’ என்று உதட்டைப் பிதுக்கும் மொட்டை டயருக்குப் பந்தய உலகில் ‘ஸ்லிக்’ என்று மரியாதையான பெயர். தேய்ந்து மொட்டையானதும் பிறவியிலேயே மொட்டையானதும் ஒன்றல்லதான். முன்னது இறுகிப்போன கிழட்டு ரப்பர். பின்னது சூடேறினால் கோந்து மாதிரி தரையைப் பிடித்துக்கொள்ளும் மென்மையான ரப்பர். ஆனால் இரண்டிலும் பள்ளமோ வரியோ கிடையாது. பள்ளம் இல்லையென்றால் தரையைத் தொடும் ரப்பரின் அளவு அதிகம். ரப்பர் அதிகம் தொட்டால் வளைவுகளில் வேகம் அதிகம். காய்ந்த தரையில் கணக்கு இவ்வளவு எளிது.

மழைத் துளி விழுந்ததும் இந்தக் கணக்கு தலைகீழாகிறது. ஸ்லிக் டயர் சரியாக வேலை செய்ய அதன் மேற்பரப்பு சுமார் 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை சூடாக வேண்டும். ஈரத் தரை அந்தச் சூட்டைத் தர விடாது. போதாக்குறைக்குத் தண்ணீர் வெளியேற வழியும் கிடையாது. எனவே மழைக்கென்று தனி ஜாதி டயர் தேவைப்படுகிறது: குறைந்த சூட்டிலேயே இளகும் ரப்பர், ஆழமான பள்ளங்கள். ஃபார்முலா 1 கார்களுக்கு பைரெல்லி நிறுவனம் தயாரித்த முழு மழை டயர் ஒன்று மணிக்கு 300 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 85 லிட்டர் தண்ணீரை அகற்றும் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. நான்கு குடம் தண்ணீருக்கும் அதிகம். அதே டயரைக் காய்ந்த தளத்தில் ஓட்டினால் பள்ளங்களுக்கு நடுவிலுள்ள ரப்பர் கட்டிகள் நெளிந்து, கொதித்து, சில சுற்றுகளுக்குள் பிய்ந்துபோகின்றன. மழை டயரில் மாட்டிக்கொண்ட ஓட்டுநர், தளம் காயக் காய, வேண்டுமென்றே தண்ணீர் தேங்கிய இடமாகப் பார்த்துச் சக்கரத்தை விட்டுக் குளிர வைப்பது இதனால்தான்.

பணக்காரக் குழுக்களுக்கு இது பெரிய சிக்கல் அல்ல. காய்ந்த தளத்துக்கு மூன்று தினுசு, தூறலுக்கு ஒன்று, கொட்டும் மழைக்கு ஒன்று என்று டயர்கள் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். வானிலை ராடாரைப் பார்த்தபடியே ஒருவர் உட்கார்ந்திருப்பார். மழை வந்தால் கார் உள்ளே வரும். சில நொடிகளில் நான்கு சக்கரமும் மாறும்.

வாரத்தில் ஐந்து நாள் அலுவலகம் போய், மிச்சம் பிடித்த பணத்தில் பந்தயம் ஓட்டும் அமெச்சூரின் கதை வேறு. எட்டு, பத்து சுற்றுகளே கொண்ட பந்தயத்தில் உள்ளே வந்து டயர் மாற்றினால், வெளியே போவதற்குள் பந்தயம் முடிந்துவிடும். கொடி அசைவதற்கு முன் மாட்டியதுதான் கடைசி வரை. சில வகுப்புகளில் எல்லோருக்கும் ஒரே டயர் என்று விதியே முடிவுசெய்துவிடும். அங்கே கவலையில்லை. மற்ற வகுப்புகளில் முடிவு அவர் தலையில்.

நவி மும்பையின் சான்பாடாவிலிருந்து கிளம்பும் ஒரு அமெச்சூரை வைத்துப் பார்த்தால் இந்த முடிவு எவ்வளவு முன்னதாக எடுக்கப்படுகிறது என்பது புரியும். தேசியப் பந்தயச் சுற்றுகளில் பெரும்பாலானவை நடப்பது சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையின் செட்டிப்பாளையத்திலும். சான்பாடாவிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்கு சாலை வழியாகச் சுமார் 1,300 கி.மீ. காரை லாரியில் ஏற்றும்போது கூடவே எந்த டயர்களை ஏற்றுகிறாரோ அவைதான் அவர் கையிருப்பு. மறந்துபோன மழை டயரை எடுத்துவர வழி கிடையாது.

இங்கே மும்பைக்காரர்களை ஏமாற்றக்கூடிய ஒரு பஞ்சாங்கக் கோளாறும் இருக்கிறது. மும்பைக்கு மழை தென்மேற்குப் பருவக்காற்றின் கொடை. ஜூன் முதல் செப்டம்பர் வரை 2,000 மி.மீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்துவிட்டு, அக்டோபரில் வானம் வெளுக்கிறது. குடையும் ரெயின்கோட்டும் பரணுக்குப் போகின்றன. சென்னையிலோ அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை ஆரம்பம். அக்டோபர், நவம்பர், டிசம்பர்தான் அங்கே அடைமழைக் காலம், புயல் காலம். பந்தயப் பருவத்தின் பின்பாதிச் சுற்றுகள் பல சமயம் இந்த மாதங்களில்தான் வருகின்றன. மும்பை வெயிலைப் பார்த்து லாரியில் சாமான் ஏற்றுகிறவர் சென்னை மழையில் இறங்க நேரிடும். தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வேர்விட்ட தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த இரட்டைப் பஞ்சாங்கம் பழகியது. தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது பரணிலிருந்து குடையை இறக்கி எடுத்துப் போகிறவர்கள் அவர்கள். பந்தயக்காரரும் அதே புத்தியைக் கடைப்பிடிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு காலத்தில் இந்தத் தொல்லை குறைவாக இருந்தது. 1953-ல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. கூட்டம் அலைமோதிய அந்தப் பெரிய பந்தயங்கள் பிப்ரவரி வாக்கில் நடந்தன. சென்னையில் மழையை எதிர்பார்க்க முடியாத மாதம் அது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தத் தளம் வந்தது. சுமார் 3.7 கி.மீ. நீளம், 12 வளைவுகள். நிரந்தரத் தளம் வந்த பிறகு பந்தயம் ஒரு நாள் திருவிழாவாக இல்லாமல் பல மாதப் பருவமாக விரிந்தது. பருவம் விரிந்தபோது மழையும் உள்ளே வந்தது.

பந்தயத்தைச் சாதாரணர்களின் கைக்கு எட்ட வைத்ததில் கோவை எஸ். கரிவரதனுக்குப் பெரும் பங்கு உண்டு. மாருதி 800 காரின் எஞ்சினை வைத்து அவர் உருவாக்கிய ‘ஃபார்முலா மாருதி’ ஒற்றை இருக்கைக் கார்தான், வெளிநாட்டுக் கார் வாங்க வசதியில்லாத ஒரு தலைமுறைக்குப் பள்ளிக்கூடம். நாராயண் கார்த்திகேயன் அந்தப் பள்ளியில் படித்தவர். 1995-ல் விமான விபத்தில் கரிவரதன் இறந்தார். செட்டிப்பாளையம் தளம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. மலிவான கார் என்ற அவருடைய எண்ணம் பரவியதும், கார் விலையை விட டயர் செலவுதான் அமெச்சூரின் பர்சைக் கடிக்கிறது என்ற உண்மையும் தெரியவந்தது. கார் ஒருமுறை வாங்குவது. டயர் தேயத் தேய வாங்குவது.

இந்தச் செலவைச் சமாளிக்க உலகெங்கும் கிளப் பந்தயக்காரர்கள் ஒரு தந்திரம் வைத்திருக்கிறார்கள். சாலைக்கு உரிய டயரையே பயன்படுத்தும் வகுப்புகளில் ஒரே தயாரிப்பின் இரண்டு செட் வாங்குகிறார்கள். ஒன்று புதிது, முழு ஆழப் பள்ளத்தோடு மழைக்காகக் காத்திருக்கும். மற்றது ஓட்டி ஓட்டித் தேய்ந்தது, காய்ந்த தளத்துக்கு. ரப்பர் கட்டிகள் உயரமாக இருந்தால் வளைவில் நெளியும். தேய்ந்து குட்டையானால் நெளிவு குறையும், ஓட்டமும் உறுதிப்படும். தேயும் வரை காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் புது டயரை எந்திரத்தில் சீவிக்கொள்வதும் உண்டு. காசு கொடுத்து வாங்கிய ரப்பரைச் சீவி எறிவது பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகப் படும். கடிகாரம் அதை ஒப்புக்கொள்கிறது.

ஆனால் மழை செட்டைப் பத்திரமாக மூடி வைத்து ஆண்டுக்கணக்கில் காப்பாற்றுவதில் லாபமில்லை. ரப்பருக்கும் வயது ஏறும். பள்ளம் புதிதாகவே இருக்கும், ரப்பர் இறுகியிருக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள கடைசி நான்கு இலக்கங்களைப் பார்த்தால் ஜாதகம் தெரியும். 2319 என்றிருந்தால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் பிறந்தது. இறுகிய மழை டயரை நம்பி இறங்குவது, கிழிந்த குடையை விரிப்பது போலத்தான்.

பந்தய நாளன்று காலையில் டயர் தீர்மானிப்பவர் மேகத்தை மட்டும் பார்ப்பதில்லை. மழை நின்றிருந்தால் தளம் எவ்வளவு வேகமாகக் காய்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, எத்தனை சுற்றுகள், எத்தனை கார்கள் என்று எல்லாமே கணக்கில் வரும். இருபது கார்கள் ஓடும் தளம், ஐந்து கார்கள் ஓடும் தளத்தைவிட விரைவில் காயும். ஒவ்வொரு டயரும் தண்ணீரை ஓரத்துக்குத் தள்ளுகிறது. தூறல் ஆரம்பித்த முதல் சில நிமிடங்கள்தான் மிக மோசம். தளத்தில் படிந்த எண்ணெயும் தூசியும் ரப்பர் துகளும் தண்ணீரோடு குழைந்து சோப்பு மாதிரி ஆகிவிடும். கொட்டித் தீர்த்துக் கழுவிவிட்டால் பிடிமானம் ஓரளவு திரும்பும். அப்போதும் வழக்கமான பாதை உதவாது. காய்ந்த நாளில் எல்லாக் கார்களும் ஓடி ரப்பர் பூசிய பாதை, ஈரத்தில் வழுக்குப் பாறை. அனுபவசாலிகள் வளைவின் வெளிப்பக்கமாக, யாரும் ஓட்டாத சொரசொரப்பான தரையைத் தேடுகிறார்கள். காற்றழுத்தமும் மாறுகிறது. காய்ந்த தளத்தில் டயர் சூடேறி அழுத்தம் கூடும் என்பதால் குறைவாக வைத்துக் கிளம்புவார்கள். ஈரத்தில் அந்தச் சூடு வராது. ஆகவே கிளம்பும்போதே கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும். இது பஞ்சர் கடையில் செலவில்லாமல் செய்யக்கூடிய காரியம் என்றாலும், பல நேரங்களில் டயர் விலையைவிட அதிகப் பலன் தருகிறது.

இவ்வளவும் பார்த்த பிறகும் வானம் கைவிடலாம். 2008 நவம்பர் 2 அன்று பிரேசிலின் இன்டர்லாகோஸ் தளத்தில் உலகப் பட்டமே டயரில் தொங்கியது. கடைசிச் சுற்றுகளில் மழை வர, முன்னணியில் இருந்தவர்கள் உள்ளே வந்து டயர் மாற்றினார்கள். டொயோட்டா ஓட்டுநர் டிமோ குளோக் காய்ந்த தள டயரிலேயே தொடர்ந்தார். கடைசிச் சுற்றில் மழை வலுத்தது. கடைசி வளைவுக்குச் சற்று முன்பு தள்ளாடிக்கொண்டிருந்த குளோக்கை முந்தியதில் லூயிஸ் ஹாமில்டன் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் பட்டம் வென்றார். பட்டத்தை இழந்த ஃபெலிப்பே மாஸ்ஸாவின் ரசிகர்கள் குளோக்கைத் திட்டித் தீர்த்தார்கள். நிதானமாகக் கணக்குப் போட்டால், டயர் மாற்ற நின்றிருந்தாலும் குளோக்குக்கு அவர் பெற்ற ஆறாவது இடத்தைவிட நல்ல இடம் கிடைத்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. முடிவு சரியாக இருந்தும் பழி வந்தது. டயர் தேர்வில் இது சகஜம். மழை சொன்ன தீர்ப்பை வைத்துத்தான் ஊர் பேசும், முடிவெடுத்த நேரத்தில் என்ன தெரிந்திருந்தது என்பதை வைத்துப் பேசாது.

சென்னையும் இந்தப் பாடத்தைப் படித்தது. தீவுத்திடலைச் சுற்றி நகரச் சாலைகளிலேயே நடத்தத் திட்டமிட்ட ஃபார்முலா 4 இரவுப் பந்தயம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தால் தள்ளிப்போனது. 2024 ஆகஸ்ட் 31 அன்று ஒருவழியாக ஆரம்பிக்கப் போன நாளிலும் மழை வந்து தாமதப்படுத்தியது. நகரச் சாலையில் நடக்கும் பந்தயத்துக்கு மழை கூடுதல் எதிரி. மூடிகளும் வெள்ளைக் கோடுகளும் ஈரத்தில் கண்ணாடியாகிவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து போன ஒருவருடைய வாழ்க்கையிலேயே டயரைப் பற்றிய இன்னொரு பாடமும் இருக்கிறது. 2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். அன்று மழையே இல்லை. மிஷலின் டயர்கள் அந்தத் தளத்தின் சரிவான, அதிவேக வளைவைத் தாங்குமா என்பதற்கு அந்த நிறுவனமே உத்தரவாதம் தர முடியவில்லை. அந்த ஆண்டு விதிப்படி பந்தயத்தின் நடுவே வழக்கம்போல டயர் மாற்றவும் கூடாது. அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் மிஷலின் போட்ட 14 கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போய்விட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் போட்ட ஆறு கார்கள் மட்டும் ஓடின. அவற்றில் ஒன்று ஜோர்டான் குழுவின் நாராயண் கார்த்திகேயன் ஓட்டியது. நான்காவது இடம், ஐந்து புள்ளிகள். ஃபார்முலா 1-ல் இந்திய ஓட்டுநர் ஒருவர் பெற்ற புள்ளிகள் அவை மட்டுமே. ஆறு பேரில் நான்காவது என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. நாராயணின் டயர் கடைசி வரை ஓடியது என்பதும், ஓட மறுத்த 14 பேர் உயிரோடு திரும்பினார்கள் என்பதும் ஒரே உண்மையின் இரண்டு பக்கங்கள்.

ஒரே ஒரு செட் வாங்க மட்டுமே வசதியுள்ள அமெச்சூருக்கு இதில் பதில் இருக்கிறது. இரண்டு தவறுகளும் ஒரே எடையுள்ளவை அல்ல. காய்ந்த தளத்தில் மழை டயர் போட்டவர் நொடிகளை இழப்பார், மிஞ்சிப்போனால் ஒரு செட் ரப்பரை இழப்பார். கொட்டும் மழையில் ஸ்லிக் போட்டவர் காரை இழக்கலாம். திங்கட்கிழமை அலுவலகத்துக்குப் போவதையே இழக்கலாம். வெல்ல எது உதவும் என்பதைவிட எதை இழந்தால் தாங்க முடியாது என்ற கேள்வியே அவருக்கு முந்தியது. அதனால்தான் விவரம் தெரிந்த கிளப் ஓட்டுநர்கள் பலர், சந்தேகமான வானத்தின் கீழ் பள்ளமுள்ள சாலை டயரைப் போட்டுக்கொண்டு, வரிசையில் பின்னால் நின்று, முதல் இரண்டு சுற்றுகளில் மற்றவர்கள் சறுக்குவதைப் பார்த்துக்கொண்டே முன்னேறுகிறார்கள். மழை அதிகமானால் அடுத்த பந்தயத்துக்குக் காரை மூடி வைத்துவிடும் துணிச்சலும் சிலருக்கு உண்டு. நுழைவுக் கட்டணம் போகும். கார் மிஞ்சும்.

சான்பாடாவில் பந்தயக் கார் வைத்திருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களாக இருக்கலாம். ஆனால் டயர் தேர்வு செய்யாதவர் அங்கே யாருமில்லை. ஒரு பக்கம் சயான்–பன்வேல் நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் வேக மோகத்தாலும் விபத்துகளாலும் அடிக்கடி செய்தியில் அடிபடும் பாம் பீச் சாலை. ஜூன் முதல் மழையில் இரண்டும் எட்டு மாத எண்ணெயையும் தூசியையும் கரைத்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். விதிப்படி காரின் டயரில் குறைந்தது 1.6 மி.மீ., இரு சக்கர வாகனத்தில் 0.8 மி.மீ. பள்ளம் இருக்க வேண்டும். அந்த எல்லையைத் தொட்ட டயர் சட்டப்படி சரி. தேங்கிய தண்ணீரில் அது ஏறக்குறைய ஸ்லிக்தான்.

1960-களில் நாசா ஆய்வாளர்கள் விமானச் சக்கரங்களை வைத்து ஒரு சூத்திரம் கண்டார்கள். ஆழமான தண்ணீரில் டயர் தரையை விட்டு மிதக்க ஆரம்பிக்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அந்தக் கணக்குப்படி 30 பி.எஸ்.ஐ. அழுத்தமுள்ள டயர் மணிக்குச் சுமார் 90 கி.மீ. வேகத்தில் மிதக்கும். காற்று இறங்கி 20 ஆகியிருந்தால் 75 கி.மீ. போதும். கார் டயருக்கு அப்படியே பொருந்தாது என்றாலும், தேய்ந்த டயருக்கு ஏறக்குறைய பொருந்தும். மிதக்கத் தொடங்கிய பிறகு ஸ்டீயரிங்கும் பிரேக்கும் வெறும் அலங்காரம். பாம் பீச் சாலையில் மணிக்கு 75 கி.மீ. என்பதை யாரும் வேகம் என்றே சொல்ல மாட்டார்கள்.

பந்தயத் தளத்தில் சறுக்குகிறவருக்கு மஞ்சள் கொடி அசைக்க ஆள் இருக்கிறது. ஆம்புலன்ஸ் எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது. தலைக்கவசமும் நெருப்புத் தாங்கும் உடையும் கூண்டுக் கம்பிகளும் இருக்கின்றன. இத்தனை பாதுகாப்போடு இருப்பவர் பந்தய நாள் காலையில் ஒரு மணி நேரம் குனிந்து டயரைத் தடவிப் பார்க்கிறார், காற்றை அளக்கிறார், வானத்தைப் பார்க்கிறார். இவை ஒன்றும் இல்லாமல், பின்சீட்டில் குழந்தையை வைத்துக்கொண்டு நெடுஞ்சாலை ஏறுகிறவர் மே மாதக் கடைசியில் ஐந்து நிமிடம் குனிந்தால் போதும்.